கவிஞன் குரலைக் காட்டும் கடிதங்கள்

கவிதையைக் கற்பிப்பது ஒன்று. கவிஞனின் குரலைக் கேட்பிப்பது மற்றொன்று. முன்னதற்கு ஓர் உரைநூல் போதும். அருஞ்சொல்லுக்குப் பொருள் கூறி, பொழிப்புரை எழுதச் செய்து, எதுகை இது, மோனை இது எனச் சுட்டி, சில பாடல்களை மனப்பாடமும் செய்வித்துவிட்டால் மாணாக்கன் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றுவிடுவான். ஆனால், "இப்பாட்டில் கவிஞர் யாரிடம் பேசுகிறார்? சினந்து பேசுகிறாரா, கொஞ்சிப் பேசுகிறாரா?" என்று அவனைக் கேட்டுப் பாருங்கள், விழிப்பான். அடுத்த அறையில் இருமுகிறவர் தாத்தாவா, எதிர்வீட்டுக்காரரா என்று இருமலைக் கொண்டே சொல்லிவிடும் பிள்ளைக்கு, நினைவு தெரிந்த நாள் முதல் பெயர் கேட்டுவரும் பாரதியாரின் குரல் எத்தகையது என்று தெரிவதில்லை. குறை அவனிடத்தில் இல்லை. அவனுக்குப் பாட்டு கிடைத்தது, பாடியவர் கிடைக்கவில்லை.

பாடியவரைக் கிடைக்கச் செய்வது எப்படி? இத்திங்கள் நம் பகுதியில் இதனைப் பற்றியே நேயர்களோடு கலந்து பேச விழைகிறோம்.

கடக்வாஸ்லாவில் வாழும் நம் குடும்பங்களைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டுவதில்லை. முத்தா ஆற்றின் குறுக்கே பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த அணை; 1916-ல் தொடங்கப்பெற்ற மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையம்; 1955-ல் முறைப்படி திறந்து வைக்கப்பெற்ற தேசியப் பாதுகாப்பு அகாதமி. இவற்றைச் சார்ந்தும், புனே நகரத்து அலுவலகங்களையும் தொழிற்சாலைகளையும் சார்ந்தும் பிழைக்க வந்தவர்கள் நாம். நம் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலம் படிக்கிறார்கள். மராத்தியும் இந்தியும் படிக்கிறார்கள். விளையாட்டுத் திடலில் மராத்தியில் சண்டையிட்டு மராத்தியிலேயே சமாதானமும் செய்துகொள்கிறார்கள். தமிழ் அவர்களுக்குச் செவிமொழி. அம்மா அடுக்களையிலிருந்து அழைத்தால் விளங்கும். அப்பா அதட்டினால் நன்றாகவே விளங்கும். ஆயின், ஒரு பக்கம் தமிழை எடுத்து நீட்டினால் எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படிக்க வேண்டியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் நடைபெறும் நம் சங்கத்துத் தமிழ் வகுப்பில் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் பொறுப்பு நமக்கு வாய்த்தது. நாம் பண்டிதர் அல்லோம்; பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை முடித்துக்கொண்டு, இரயில்வேயில் எழுத்தர் வேலையில் அமர்ந்தவர். எனினும் நாள்தோறும் கடிதங்களோடு பழகும் தொழில் என்பதால் ஒன்று மட்டும் நமக்கு நன்றாகத் தெரியும்: குரல் உள்ள கடிதம் எது, குரல் இல்லாத கடிதம் எது என்பது.

அலுவலகக் கடிதத்தை எண்ணிப் பாருங்கள். "மேற்படி பொருள் குறித்துத் தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது." பரிசீலிப்பவர் யார்? தெரியாது. எந்த நாளில் முடிப்பார்? அதுவும் தெரியாது. சரக்கு வந்து சேராத வணிகருக்கும் அதே சொல். ஓய்வூதியம் வராத முதியவருக்கும் அதே சொல். அதை எழுதியவர் போய் வேறொருவர் வந்து அமர்ந்தாலும் ஒரு புள்ளியும் மாறாது. அது குற்றமன்று, அலுவலகத்துக்கு அதுவே அழகு. ஆனால் அக்கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு தாய் தன் மகனுக்கு எழுதிய கடிதத்தைப் படித்தால், குரல் என்றால் என்ன என்பதற்கு வேறு விளக்கமே வேண்டா. யார், யாருக்கு, எந்த நிலையில், எதை வேண்டிப் பேசுகிறார் என்ற நான்கும் அதில் வெளிப்படுகின்றன. கவிதையிலும் இவையே குரல். கவிதையில் அவை மறைந்து நிற்கும்; கடிதத்தில் வெளியே நிற்கும். ஆகவே கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டு, அடுத்துக் கவிதையைக் கொடுப்பது என்று நாம் வழி வகுத்துக்கொண்டோம்.

இதற்குப் பாரதியாரைப் போல உதவக்கூடியவர் மற்றொருவர் இலர். அவர் எழுதிய கடிதங்களுள் நமக்கு எஞ்சியவை சிலவே. எனினும் அச்சிலவற்றையும் பெற்றவர்கள் பேணி வைத்தார்கள், ஆராய்ச்சியாளர் ரா. அ. பத்மநாபன் தேடித் தொகுத்து நூலாக்கினார். அவரும் ஒரு காலத்தில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்பதும் நினைவில் கொள்ளத் தக்கது. பத்மநாபனை அன்று, பாரதியாரைச் சொல்கிறோம். 1904-ல் மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராகப் பணிபுரிந்துவிட்டே அவர் சென்னைக்குச் 'சுதேசமித்திர'னில் சேரச் சென்றார்.

முதலில் நாம் எடுத்துக்கொண்டது காசிக் கடிதம். 1882 டிசம்பர் 11-ல் எட்டயபுரத்தில் பிறந்த பாரதியார், தந்தையை இழந்தபின் 1898-ல் காசிக்குச் சென்று அத்தை வீட்டில் தங்கிப் படித்தார். அப்போது அவருக்கு வயது பதினைந்து. இதைச் சொன்ன மாத்திரத்தில் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. மீசையும் முண்டாசுமாய்ச் சுவரில் தொங்கும் படத்துக்கு ஒரு காலத்தில் பதினைந்து வயது என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்ததில்லை. அதுவும் தெருவில் ஒரு மொழி, படிப்பில் ஒரு மொழி, வீட்டில் ஒரு மொழி என்று தங்களைப் போலவே வடக்கே வாழ்ந்த பிள்ளை!

அங்கிருந்து 1901-ல், ஊரிலிருந்த இளம் மனைவி செல்லம்மாளுக்கு அவர் எழுதிய கடிதம் சிறியது. உறவினர் ஒருவர் எழுதியதைக் கேட்டு, கணவரைப் பற்றிக் கவலை கொண்டு செல்லம்மாள் எழுதியிருக்கிறார். தாம் அஞ்சத்தக்க காரியம் எதையும் செய்யவில்லை, தவறான வழியில் நடப்பவர் அல்லர் என்று பாரதியார் தேற்றுகிறார். தேற்றிவிட்டு, இவ்வாறு கவலைப்படும் நேரங்களில் தமிழை நன்றாகப் படித்துவந்தால் தமக்கு மகிழ்ச்சியாக இருக்கும் என்ற கருத்தையும் சொல்கிறார்.

இதைப் படித்துக் காட்டியதும் மாணவி ஒருத்தி சிரித்துவிட்டாள். "ஆறுதல் சொல்லச் சொன்னால் வீட்டுப்பாடம் கொடுக்கிறாரே!" என்றாள். வகுப்பு முழுதும் சிரித்தது. ஆனால் அச்சிரிப்பில்தான் கவிஞரின் குரல் முதன்முதலாக அவர்கள் செவியில் விழுந்தது என்போம். அன்பு கொண்ட இடத்தில் பாரதியார் சும்மா இருக்கமாட்டார். உடனே ஒரு வேலை கொடுப்பார். அன்று நாம் 'பாப்பா பாட்'டை எடுத்தோம். குழந்தைப் பருவத்தில் கைதட்டிப் பாடிய பாட்டுத்தான். இப்போது அம்மாணவி தானே கண்டுபிடித்தாள்: அங்கும் கொஞ்சலும் கட்டளையும் ஒரே மூச்சில் வருகின்றன. மனைவியிடம் பேசிய அதே குரல் மகளிடமும் பேசுகிறது. இதனை நாம் சொல்லிக் கொடுக்கவில்லை.

அடுத்த வாரம் 'புதிய ஆத்திசூடி'. நூற்றுப்பத்து வரிகள், வரிக்கு வரி ஏவல். பள்ளியிலும் வீட்டிலும் ஏவல் கேட்டே சலித்த பிள்ளைகளுக்கு இது இன்னுமொரு ஏவற்பட்டியலாகத் தோன்றுவது இயல்பு. எனவே அதற்கு முன்னால், 1915 ஜூலையில் புதுச்சேரியிலிருந்து பரலி சு. நெல்லையப்பருக்கு அவர் எழுதிய கடிதத்தைக் கொடுத்தோம். நெல்லையப்பர் உடன்பிறந்த தம்பி அல்லர், உள்ளத்தால் தம்பி. பின்னர் 1917-ல் 'கண்ணன் பாட்'டை அச்சிட்டு வெளியிட்டவர் அவரே.

அக்கடிதம் எப்படித் தொடங்குகிறது என்பதை மாணாக்கரைக் கவனிக்கச் சொன்னோம். கட்டளையோடு தொடங்கவில்லை. தம்பியைப் பராசக்தி காக்கவேண்டும் என்று வாழ்த்துகிறார். நாளுக்கு நாள் அவனுடைய அறிவு மலர்வதைக் கண்டு தம் நெஞ்சு மலர்வதாகச் சொல்கிறார். அதன் பிறகே ஏவல்கள் வருகின்றன. ஒன்றன்மேல் ஒன்றாக, மூச்சுவிட இடமின்றி வருகின்றன. உயரப் போ என்பது ஒன்று. தமிழ்நாடு வாழ எழுது, நோய்கள் தீர எழுது, தெருத்தோறும் தமிழ்ப் பள்ளிகள் பெருக எழுது, ஆணும் பெண்ணும் நிகர் என்று எழுது, தொழில் வளர எழுது என்னும் கருத்தில், 'எழுது' என்ற ஒரு வினையே முரசடிபோல் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. எண்ணிப் பார்க்கச் சொன்னோம். ஒருவன் விரல் போதாமல் அடுத்தவன் விரலையும் கடன் வாங்கினான்.

கடிதம் முடிந்தபின் 'புதிய ஆத்திசூடி'யை உரக்கப் படித்தார்கள். முந்தைய வாரம் காவலர் அதட்டுவதுபோல் படித்த அதே பையன், இவ்வாரம் வேறு குரலில் படித்தான். ஏன் மாற்றினாய் என்று கேட்டோம். "இவர் நம்மைத் திட்டவில்லை, நம்மால் முடியும் என்று நினைத்துக்கொண்டு சொல்கிறார்" என்றான். எந்த உரையாசிரியரும் இதைவிடச் சிறந்த உரை எழுதியிருக்க முடியாது. ஏவல் வினை ஒன்றுதான். ஆனால் மேலிருந்து கீழே விழும் ஏவல் வேறு, அருகில் நின்று முதுகில் தட்டும் ஏவல் வேறு. இவ்வேறுபாட்டைச் சொற்பொருளால் காட்ட இயலாது. கடிதத்தால் காட்ட இயன்றது.

மூன்றாவதாக, கடிதமே கவிதையாக அமைந்தவற்றை எடுத்தோம். புலவர் புரவலருக்குச் செய்யுளில் எழுதும் விண்ணப்பத்தைச் சீட்டுக்கவி என்பர். பாரதியார் எட்டயபுரம் அரண்மனைக்கு இருமுறை செய்யுளில் எழுதினார். 1897-ல் எழுதியது, தம் கல்விக்கு உதவி வேண்டிப் பதினான்கு வயதுச் சிறுவன் எழுதியது. 1919-ல் எழுதியது, கடையத்தில் வறுமையில் வாழ்ந்த முப்பத்தாறு வயதுக் கவிஞர் எழுதியது. அரண்மனை ஒன்றுதான், கேட்பதும் இரு முறையும் உதவிதான். ஆனால் குரல்? முதலாவதில் பழம்புலவர் நடையைக் கற்றுத் தேர்ந்து, அச்சட்டையை அணிந்து நிற்கும் சிறுவனைக் காண்கிறோம். இரண்டாவதில் கை நீட்டும்போதும் தலை தாழவில்லை. தமிழுக்குப் பெருங்கவி இல்லை என்ற பழியைத் தாம் துடைத்துவிட்டதாக நேரே சொல்லிவிட்டு, தமக்கு உரிய மரியாதையைக் கேட்கிறார். இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒரு குரல் எவ்வாறு தன் சொந்தக் குரலாயிற்று என்பதற்கு இவ்விரண்டையும் விடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது. பிள்ளைகளுக்கும் இதில் ஓர் ஆறுதல் உண்டு. குரல் பிறப்பிலேயே வருவதன்று. பாரதியாரும் முதலில் பிறர் குரலிலேதான் பேசினார்.

நான்காவது வாரப் பாடத்தை எடுக்கவேண்டா என்று சங்கத்துப் பெரியவர் ஒருவர் நம்மைத் தடுத்தார். 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளியேறிய பாரதியார் கடலூரருகே கைது செய்யப்பட்டுச் சிறையில் வைக்கப்பட்டார். சிறையிலிருந்து சென்னை ஆளுநர் பெண்ட்லண்டுக்கு ஆங்கிலத்தில் ஒரு விண்ணப்பம் எழுதினார். அரசியலைத் துறந்துவிட்டதாகவும், பிரிட்டிஷ் அரசுக்கு அடங்கி நடப்பதாகவும் உறுதி கூறி, விடுதலை வேண்டுகிறார். நண்பர்களின் முயற்சியாலும் அரசு விதித்த நிபந்தனைகளுக்கு இசைந்தும் டிசம்பர் 14-ல் வெளிவந்தார். "பிள்ளைகள் மனத்தில் இருக்கும் பாரதியாரைக் குலைக்கலாமா?" என்பது பெரியவரின் கவலை. அக்கவலையை நாம் மதிக்கிறோம். எனினும் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் குழந்தைகள் அல்லர். இன்று நாம் மறைப்பதை நாளை அவர்கள் தாமே படித்து, நம்மையும் சேர்த்து ஐயுறுவார்கள். ஆகவே கொடுத்தோம், பக்கத்தில் 'அச்சமில்லை' என்னும் பாட்டையும் கொடுத்தோம்.

வகுப்பில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு ஒருவன் கேட்டான்: "அப்படியானால் பாட்டு பொய்யா?" நாம் விடை சொல்லவில்லை. பத்து ஆண்டுகள் புதுச்சேரியில் அயலாரைப்போல் வாழ்ந்ததையும், இரு பெண்களோடு குடும்பம் வெளியே காத்திருந்ததையும் மட்டும் எடுத்துரைத்தோம். அவர்களே வாதிட்டுக்கொண்டார்கள். இறுதியில் ஒரு மாணவி, "பயமே தெரியாதவர் அந்தப் பாட்டைப் பாட வேண்டிய தேவை என்ன? பயம் தெரிந்தவர் தமக்கே சொல்லிக்கொண்ட பாட்டு அது" என்றாள். அவள் சொன்னதை எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை, ஏற்கவும் வேண்டா. ஆனால் அன்று முதல் அப்பாட்டை யாரும் கூச்சலாகப் படிக்கவில்லை.

அவ்விண்ணப்பத்தைப் பற்றி நமக்குத் தோன்றிய ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். அதில் பாரதியாரின் குரல் இல்லை. அது அலுவலகத்துக்கு அலுவலகம் பேசும் மொழி. மாட்சிமை தங்கியவருக்குப் பணிந்தவன் எழுதும் வாய்பாடு. இரயில்வே எழுத்தர் ஒருவர் அதை உடனே அடையாளம் கண்டுகொள்வார். சிறைக்கதவின் துவாரத்துக்குள் நுழையுமாறு தன்னைச் சுருக்கிக்கொண்ட எழுத்து அது.

இதே 1918-ல், இதற்குச் சில மாதங்களுக்கு முன், ஆகஸ்டில், பாரதியார் மற்றொரு கடிதம் எழுதினார். இதனைத்தான் நாம் இறுதி வாரத்துக்கென்று வைத்திருந்தோம். இளைய தாயின் மகனாகிய தம்பி விசுவநாதன் அண்ணனுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதியிருந்தார். படித்த தம்பி, ஆங்கிலம் கைவந்திருந்தது. அண்ணன் விடையிறுக்கிறார்: இனி ஆங்கிலத்தில் எழுத வேண்டா, உன் தமிழ் எவ்வளவு கொச்சையாக இருந்தாலும் அதைப் படிக்கவே ஆவலாக இருக்கிறேன், அதுவும் இயலாவிட்டால் வடமொழியிலாவது எழுது என்பது அவர் கூறியதன் சாரம்.

நேயர்காள், இதனைச் சற்றே எண்ணிப் பாருங்கள். பாரதியாருக்கு ஆங்கிலம் தெரியாதா? 'இந்து' நாளிதழுக்கு ஆங்கிலத்தில் கடிதங்கள் எழுதியவர். ஷெல்லியின்பால் கொண்ட பற்றினால் 'ஷெல்லிதாசன்' என்று புனைபெயர் வைத்துக்கொண்டவர். ஆளுநருக்கு ஆங்கிலம் போதும். ஆனால் தம்பியின் குரல் ஆங்கிலத்தில் அவருக்குக் கேட்கவில்லை. தமிழின் சீர்மையை உச்சத்துக்கு உயர்த்திய கவிஞர், பிழையற்ற ஆங்கிலத்தைவிடப் பிழை மலிந்த தமிழ் தமக்கு வேண்டும் என்று கேட்கிறார். ஏனெனில் அவர் எதிர்பார்த்தது மொழித்தேர்ச்சியை அன்று, தம்பியை.

இக்கடிதத்தைப் படித்து முடித்ததும் வகுப்பில் எழுந்த முகமலர்ச்சியை இங்கே எழுதிக் காட்ட இயலாது. ர, ற வேறுபாடும் ன, ண வேறுபாடும் தங்களைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவதாக எண்ணியிருந்த பிள்ளைகள் அவர்கள். தமிழ்க் கவிஞர்களுள் தலையாய ஒருவர், கொச்சையாக இருந்தாலும் எழுது என்கிறார்! அன்று வீட்டுப்பாடமாக ஒன்றே கொடுத்தோம்: ஊரிலிருக்கும் உறவினர் ஒருவருக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதி, உறையிலிட்டு, அஞ்சலில் சேர்க்கவேண்டும். நாம் திருத்தமாட்டோம்; பெற்றோரும் திருத்தலாகாது.

வந்த விடைகளுள் ஒன்றை மட்டும், அக்குடும்பத்தாரின் இசைவோடு, இங்கே குறிப்பிடுகிறோம். ஒரு பையன் தென்காசிப் பக்கத்திலுள்ள தன் தாத்தாவுக்கு, "வரும் திங்கட்கிழமை எனக்குச் சுட்டி" என்று எழுதிவிட்டான். மராத்தியில் விடுமுறைக்குச் 'சுட்டி' என்று பெயர். பையன் அதைத் தமிழ் என்றே எண்ணிக்கொண்டிருக்கிறான். தந்தை கடிதத்தைப் பார்த்துவிட்டுத் திருத்தத் துடித்தாராம். நாம் விதித்த விதியை எண்ணிப் பொறுத்துக்கொண்டார். பத்து நாளில் தாத்தாவிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. "திங்கட்கிழமை மட்டும்தானா? நீ எந்நாளும் சுட்டிதானே!" என்று தொடங்கி, அட்டையின் ஓரமெல்லாம் நிரம்பும்படி எழுதியிருந்தார். பையன் அதைத் தானே கூட்டிப் படித்தான், இரண்டு முறை படித்தான், சிரித்தான். 'விடுமுறை' என்ற சொல் அன்று அவனுக்கு விளங்கியது. எந்தச் சிவப்பு மையும் அதை அவ்வளவு ஆழமாகப் பதித்திருக்காது.

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம், எழுப்பவும் பட்டது. கொச்சையைப் பாராட்டினால் பிள்ளைகள் கொச்சையிலேயே நின்றுவிடமாட்டார்களா? நியாயமான கேள்வி. கொச்சை போதும் என்று பாரதியார் சொல்லவில்லை. கொச்சையாயினும் தொடங்கு என்றார். இலக்கணம் வேண்டா என்று நாமும் சொல்லோம். ஆனால் முதலில் பேச ஒரு குரலும், கேட்க ஒரு செவியும் வேண்டும். அவ்விரண்டும் அமைந்தபின், தன் சொல் பிழையின்றிச் சென்று சேரவேண்டும் என்ற ஆசை பிள்ளைக்குத் தானே எழும். கடிதம் எழுதிய பிள்ளைகளுள் சிலர் மறுவாரமே வந்து, எங்கே பெரிய 'ற' வரும் என்று தாமாகக் கேட்டார்கள். கேட்கப்படாத இலக்கணத்துக்கும் கேட்கப்பட்ட இலக்கணத்துக்கும் வேறுபாடு உண்டு.

கவிஞரைக் கடிதத்தால் அறியும் வழி நமக்கு மட்டும் உரியதன்று. நம் பிள்ளைகள் மராத்தி வாயிலாகப் பெயர் அறிந்த சானே குருஜி, தம் உடன்பிறந்தார் மகளுக்கு எழுதிய கடிதங்கள் 'சுந்தர் பத்ரே' என்ற பெயரில் நூலாயின. ஜெர்மன் மொழிக் கவிஞர் ரில்கே, கவிதை எழுத விரும்பிய காப்புஸ் என்னும் இளைஞருக்கு 1903 முதல் 1908 வரை பத்துக் கடிதங்கள் எழுதினார். அவ்விளைஞர் ஆஸ்திரியாவில் ஓர் இராணுவக் கல்விச்சாலையில் பயின்றவர். ரில்கேயும் சிறுவயதில் இராணுவப் பள்ளியில் படித்து வருந்தியவர். 1929-ல் காப்புஸ் அவற்றை வெளியிட்டார். நாள்தோறும் அகாதமியின் பயிற்சி மாணவர்களைக் காணும் கடக்வாஸ்லாப் பிள்ளைகளுக்கு, கவிதை கேட்டுக் கடிதம் எழுதிய ஒரு பயிற்சி மாணவனின் கதை மிகவும் பிடித்திருந்தது. தமிழிலும் ரசிகமணி டி. கே. சி. யின் கடிதங்களும், மு. வரதராசனார் கடித வடிவில் எழுதிய 'தம்பிக்கு', 'அன்னைக்கு' முதலிய நூல்களும் இவ்வகைப் பயிற்சிக்கு ஏற்றவை.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. கடிதம் கவிதைக்கு வாயிலே அன்றி வீடு அன்று. கவிதையில் 'நான்' என்று வருமிடமெல்லாம் கவிஞரே என்று கொண்டுவிடலாகாது. 'கண்ணன் பாட்'டில் கண்ணன் தோழனாகிறான், தாயாகிறான், தந்தையாகிறான், சேவகனாகிறான், சீடனாகிறான், குழந்தையாகிறான், காதலனும் ஆகிறான். ஒவ்வொன்றிலும் பேசுகிறவரின் நிலை மாறுகிறது, குரலும் மாறுகிறது. கடிதங்களால் கவிஞரின் சொந்தக் குரலைக் கேட்டுப் பழகிய பிள்ளைக்கே அவர் புனைந்துகொள்ளும் குரல்களும் பிடிபடும். ஆகவே 'கண்ணன் பாட்'டை நாம் இறுதியில் வைத்துக்கொள்வோம்.

வீட்டில் இதனைச் செய்ய விரும்பும் பெற்றோருக்குச் சில சொற்கள். நூலுக்கு அலைய வேண்டுவதில்லை. பாரதியார் படைப்புகளின் உரிமையைச் சென்னை அரசு 1949-ல் பெற்று, பின்னர் மக்களுக்கே உரியதாக்கியது. ஆதலால் எவரும் படியெடுக்கலாம். மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகம் ஆகியவற்றின் மின்னூலகங்களிலிருந்து அவருடைய நூல்களைக் கைப்பேசியிலேயே பெறலாம். ஒரு வாரத்துக்கு ஒரு கடிதம், ஒரு பாட்டு போதும். முதலில் கடிதத்தை நீங்கள் உரக்கப் படியுங்கள்; தமிழ் அவர்களுக்குச் செவிமொழி என்பதை மறவாதீர்கள். பிறகு நான்கு கேள்விகள்: யார், யாருக்கு, எந்த நிலையில், எதை வேண்டி? அதன்பின் பாட்டைப் பிள்ளை படிக்கட்டும். பொருள் சொல்ல விரையாதீர்கள். முதலில் அவன் குரல் மாறுகிறதா என்று கேளுங்கள். மாறினால் பொருளில் பாதி வந்துவிட்டது.

இன்னொன்றும் உண்டு; அதுவே இவை எல்லாவற்றினும் முதன்மையானது. நம் ஒவ்வொருவர் வீட்டுப் பரணிலும் ஒரு தகரப்பெட்டி இருக்கிறது. அதில் நீலநிற உள்நாட்டுக் கடிதங்கள் சில, மஞ்சள் அஞ்சலட்டைகள் சில, மூலையில் கட்டிய நூலோடு கிடக்கும். வேலை தேடி வந்த புதிதில் அப்பா எழுதியது, பேறுகாலத்துக்கு ஊருக்குச் சென்ற அம்மா எழுதியது, கண் மங்கிய பாட்டி பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லி எழுதுவித்தது. இன்று பிள்ளைகள் பாட்டிக்குக் கைப்பேசியில் குரற்செய்தி அனுப்புகிறார்கள். அது நல்லதுதான், குரல் குரலாகவே போய்ச் சேருகிறது. ஆனால் அப்பெட்டியில் உள்ளவர்களுள் பலர் இனிப் பேசமாட்டார்கள். அவர்கள் குரல் அத்தாள்களில் மட்டுமே இருக்கிறது. அதைத் திறக்கும் சாவி, எழுத்துக் கூட்டிப் படிக்கும் அப்பிள்ளையின் தமிழ் ஒன்றே. பாரதியாரின் கடிதத்தில் குரலைக் கேட்கக் கற்ற பிள்ளை, தன் பாட்டனின் கடிதத்திலும் கேட்பான். கல்லாவிடில், இன்னும் ஒரு தலைமுறையில் அவை பழைய தாள் வாங்குபவரின் தராசுக்குப் போகும்.

வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் தங்கள் வீட்டுப் பெட்டியிலிருந்து ஒரு கடிதம் கொண்டுவரவேண்டும் என்று கேட்டிருக்கிறோம். பிறர் அறியலாகாதவற்றை விலக்கி, தக்கதொன்றைத் தேர்ந்து கொடுக்குமாறு தாய்மார்களைப் பணிவுடன் வேண்டுகிறோம். எழுதியவர் இன்னாரெனப் பிள்ளைக்குச் சொல்லி அனுப்புங்கள். எவ்வாறு பேசுவார் என்பதை மட்டும் சொல்லாதீர்கள். அதைப் பிள்ளை கண்டுபிடித்து வந்து உங்களுக்குச் சொல்லட்டும்.